ஒத்திவைத்த கேள்வி

என் வீட்டுக்காரருக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலைப் பார்த்தே இருக்கும். ராஜபாளையத்தில் மில் தொழிலாளியாக இருந்தபோது கேட்டுக்கு முன்னால் நின்று பேசியே சங்கத் தலைவரானார். பேசியே வேலையை இழந்தார். பேசியே எண்பதாம் வருசத் தேர்தலில் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வும் ஆனார். பால்துரை வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்று தொகுதி முழுக்கத் தெரியும். அப்படிப்பட்ட மனுஷனைச் சட்டசபைக்கு அனுப்பினால், அங்கே வாயைத் திறக்கவே விடவில்லை.

எதிர்க்கட்சிக்காரர் மந்திரியை நேருக்கு நேர் மடக்குவதென்றால் அது கேள்வி நேரத்தில்தான். அதிலும் நினைத்த மாத்திரத்தில் கேட்டுவிட முடியாது. கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அது எந்த நாள் எடுக்கப்படும் என்பது அதிர்ஷ்டம். வரிசையில் பின்னால் விழுந்துவிட்டால் போச்சு. முன்னால் இருக்கிற கேள்விகளுக்கு ஆளுங்கட்சிக்காரர்கள் துணைக்கேள்வி மேல் துணைக்கேள்வியாகப் போட்டு நேரத்தை ஓட்டிவிடுவார்கள். மிச்சக் கேள்விகளுக்குப் பதிலை அச்சடித்து மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இவருடைய கேள்விகளெல்லாம் அப்படித்தான் மேஜைக்குப் போயின. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் நான் காய் வாங்கப் போனால், "என்ன தேவகிருபை, ஒங்க வீட்டய்யா பேரு பேப்பர்ல வரவே இல்லையே?" என்று விசாரிப்பார்கள். விசாரணையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்து மூன்றில் மழை பொய்த்தது. சுந்தரபாண்டியம் தாண்டி உள்ளே இருக்கிற செங்குளம்பட்டியில் கண்மாய் வெடித்துக் கிடந்தது, கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. ராஜபாளையத்திலிருந்து தினமும் லாரியில் தண்ணீர் போகும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. உத்தரவுப்படி லாரி தினமும் ஓடியது, பில்லும் தினமும் எழுதப்பட்டது. ஊருக்குள் வந்ததுதான் என்றைக்கோ ஒருநாள். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று ஊர் தாண்டிப் போய் வந்தார்கள்.

இவர் விடவில்லை. லாரி எத்தனை நாள் போனது, யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேள்வி எழுதினார். போகாத நாளுக்கு எழுதிய பில்லின் நகல் ஒன்றையும் எப்படியோ பிடித்துவிட்டார். அது துணைக்கேள்விக்கு. மந்திரி "ஆம், தினமும் போகிறது" என்று சொன்ன மறுநிமிடம் எடுத்து நீட்ட வேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து ஒத்திகை பார்த்தார். அவருக்கு மந்திரியாக உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பு வலித்தது. இந்த முறை அதிர்ஷ்டமும் சேர்ந்தது. கேள்வி வரிசையில் முன்னாலேயே விழுந்தது. அவர் முதலில் சென்னைக்குப் போய்விட்டார். அந்த நாளில் மாடத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு எனக்கும் அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தார். இருப்பதிலேயே நல்ல பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

அங்கேதான் செங்குளம்பட்டிப் பெண்கள் என்னை மறித்தார்கள். முன்னால் நின்றவள் முத்தாத்தாள். லாரி வராத நாளில் இவரை ஊருக்குள் விடாமல் மறித்தவளும் அவள்தான்.

"அம்மா, மெட்ராசுக்கா போறீய? ஐயாகிட்ட ஒரு சொல் சொல்லிருங்க. அந்தக் கேள்வியக் கேக்க வேண்டாமுன்னு."

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், லாரிக்காரன் வந்து மிரட்டுதானா?"

"அதெல்லாம் இல்லம்மா. இப்ப லாரி தெனமும் ரெண்டு தடவ வருது. பஞ்சாயத்து யூனியன் ஆபீசருமாரு ஜீப்புல பின்னாடியே வந்து, எல்லாரும் பிடிச்சாச்சான்னு கேட்டுட்டுப் போறாக. மெட்ராசுல பதில் சொல்லணுமுல்லா, அதான்."

"நல்லதுதானே!"

"இன்னைக்கு நல்லது. பதிலச் சொல்லி முடிச்ச பொறவு எவன் வருவான்? மேக்கூருக்கு ஐயா கேள்வி போட்டு விட்ட பஸ்ஸு என்னாச்சு? பதில் வார வரைக்கும் ஓடுச்சு. பதில் வந்துச்சு, பஸ்ஸு போச்சு. கேள்வி அப்படியே கெடக்கட்டும்மா. கெடக்கிற வரைக்கும் எங்களுக்குத் தண்ணி கெடைக்கும்."

நான் பதில் சொல்வதற்குள் மெட்ராஸ் போகிற திருவள்ளுவர் பஸ் வந்துவிட்டது. வழியெல்லாம் எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை. இந்தப் பொம்பளைகளுக்கு எம்புட்டுத் தைரியம்! ஒரு மனுஷன் மூன்று வருசமாகக் காத்துக் கிடந்து, இப்போதுதான் வாயைத் திறக்கப் போகிறான். அதையும் மூடு என்கிறார்கள். பஸ் தாண்டிய ஒவ்வொரு ஊரிலும் இப்படிக் கோபித்துக்கொண்டே போனேன். ஆனால் முத்தாத்தாள் சொன்னதில் ஓட்டை எங்கே என்று தேடினால் கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் கோபமாக இருந்தது.

காலையில் எம்.எல்.ஏ. விடுதியில் அவர் வேட்டி சட்டையோடு தயாராக நடந்துகொண்டிருந்தார். சொன்னேன். நடை நின்றது.

"கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? கேக்கிறதுக்குத்தானட்டி என்னை அனுப்பிச்சிருக்காக!"

"அனுப்பினவகதான் கேக்க வேண்டாம்ங்காக."

"லாரி நின்னா திரும்பவும் கேள்வி போடுவேன்."

"போடுங்க. பதில் சொன்ன விஷயத்தத் திரும்ப எடுக்கமாட்டாகன்னு நீங்கதான சொன்னீய? அடுத்த கூட்டம் வந்து, ஒங்க கேள்வி முன்னால விழுந்து... அதுவரைக்கும் அவுக என்னத்தக் குடிப்பாக?"

அவர் ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். "கட்சித் தலைவர் வேற இன்னைக்கு நம்ம கேள்விதான் முக்கியமுன்னு பத்திரிகைக்காரகிட்டச் சொல்லி வச்சிருக்காரு," என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே கிளம்பிப் போனார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

மாடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தேன். கீழே வரிசை வரிசையாக வெள்ளைச் சட்டைகள். அவரைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. சபையிலேயே அசைந்துகொண்டிருந்த தலை அது ஒன்றுதான். முதல் கேள்வி எங்கேயோ ஒரு பாலத்தைப் பற்றி. அது இழுத்தது. அடுத்தது பள்ளிக்கூடக் கட்டடம். அதுவும் இழுத்தது. இன்னும் செத்த நேரம் இப்படியே இழுங்கள், இவருடைய கேள்விக்கு நேரமே வராமல் போகட்டும் என்று மனதுக்குள் கும்பிட்டேன். மேஜைக்குப் போனாலும் அது பதில்தானே, லாரி நின்றுவிடுமே என்று அப்புறம்தான் உறைத்தது. உடனே மாற்றிக் கும்பிட்டேன். கர்த்தருக்கே குழம்பியிருக்கும்.

சபாநாயகர் இவர் பெயரைக் கூப்பிட்டார். இவர் எழுந்தார். கையில் அந்த நகல். மந்திரி பதிலை விரித்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். எதிர்க்கட்சித் தலைவர் இவர் பக்கம் திரும்பிச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சபாநாயகர் அவர்களே," என்றார் இவர். மில் கேட்டில் மைக் இல்லாமலே தெருமுனை வரை கேட்ட குரல், மாடத்துக்குப் பாதிதான் வந்தது. "இந்தக் கேள்வியை ஒத்திவைக்க வேண்டுகிறேன்."

"காரணம்?" என்றார் சபாநாயகர்.

"கூடுதல் விவரம் திரட்ட வேண்டியிருக்கிறது."

ஆளுங்கட்சிப் பக்கத்தில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மந்திரி எழுந்து, "உறுப்பினர் கேள்வியைத் தேடிக்கொண்டு வரும்வரை பதில் பத்திரமாக இருக்கும்," என்றதும் மேஜைகளைத் தட்டினார்கள். எங்கள் தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அசையவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதேன். பக்கத்திலிருந்த அம்மாள் எனக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் அதே கதை. கேள்வியைப் புதுப்பிப்பார், நாள் வரும், ஒத்திவைக்கச் சொல்வார். காரணத்தைத் தலைவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் காற்றுவாக்கில் யூனியன் ஆபீசுக்குப் போய்விடும். கேள்வி எப்போது திடீரென்று வந்து விழுமோ என்ற பயத்தில் ஆபீசர்கள் லாரியை ஒருநாள் விடாமல் ஓட்டினார்கள். மழை வந்த வருசத்திலும் ஓட்டினார்கள், கிணற்று உப்பு போகவில்லையே. கட்சி இவரை வேறு எந்த விவாதத்திலும் பேசக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. வீட்டில் அவர் நடக்கிற சத்தம் மட்டும் அதிகமானது.

எண்பத்து நாலு கடைசியில் தேர்தல் வந்தது. எப்படியோ மறுபடியும் இவருக்குத்தான் சீட்டு. எதிராக நின்ற ஆளுங்கட்சிக்காரர் தனுஷ்கோடி ஊர் ஊராகப் போய் ஒரே பேச்சுத்தான் பேசினார்.

"பஞ்சத்துல ஜனங்க நாக்கு வறண்டு கெடந்துது. ஒங்க எம்.எல்.ஏ. சபையில எந்திருச்சாரு. என்ன கேட்டாரு? ஒத்தி வையின்னு கேட்டாரு! ஆமாவா இல்லையா? பதிவேட்டுல இருக்கு, போய்ப் பாருங்க!"

செங்குளம்பட்டியில் அவர் இதைப் பேசியபோது நாங்களும் அடுத்த தெருவில் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். மைக்கில் வந்த ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. இவர் கும்பிட்டபடியே அடுத்த வீட்டுக்குப் போனார். என்னால் முடியவில்லை. முத்தாத்தாள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? கேக்க வேண்டாமுன்னு சொன்னது நாங்கதான்னு போய்ச் சொல்லேன்!"

"சொல்லலாம்மா. சொன்னா நாளைக்கே லாரி நின்னுருமே." அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. "எங்க ஊரு ஓட்டு அம்புட்டும் ஐயாவுக்குத்தான். மத்த ஊருக்கு நாங்க என்ன செய்ய?"

மற்ற ஊர்க்காரர்களுக்கு என்ன தெரியும்? பால்துரை சபையில் ஊமையாக இருந்தான் என்பதுதான் தெரியும். தோற்றார்.

பொங்கலுக்குள் லாரி நின்றது. கேட்ட ஆள் போனதும் கேள்வியும் செத்துப்போய்விட்டதாம். புது எம்.எல்.ஏ.விடம் போனால், எங்கள் மந்திரியை நானே கேள்வி கேட்கவா என்று சிரித்து அனுப்பியிருக்கிறார்.

செங்குளம்பட்டிப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் அவர்களைப் பார்த்ததுமே எனக்குக் கோபம் கிளம்பியது. "இன்னும் என்ன மிச்சமிருக்குன்னு வந்தீய? அவிய பேரு போச்சு, பதவி போச்சு. இங்க எடுத்துட்டுப் போறதுக்கு ஒண்ணும் இல்ல," என்று கத்தினேன். முத்தாத்தாள் நான் சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றாள். சத்தம் கேட்டு இவர் உள்ளேயிருந்து வந்தார்.

அவள் இவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஐயா, லாரி நின்னுபோச்சு."

"கேள்விப்பட்டேன் தாயி."

"இனி நிக்கதுக்கு ஒண்ணுமில்ல. பயப்பட வேண்டாம்." அவள் முகத்தில் குறும்பும் இல்லை, குத்தலும் இல்லை. ஒரு தடையை விலக்கிவிடுகிற மாதிரிதான் சொன்னாள். "இப்பத் தாராளமாக் கேளுங்க ஐயா."

இவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்து, மெதுவாக உட்கார்ந்தார்.