முதல் அடியில் அவன் வாசிப்பதில்லை

ஆமை வாசிக்கத் தொடங்கினால் முதலில் ஒன்றும் கேட்காது. அவனைப் புதிதாகக் கேட்க வருகிறவர்கள், ஒயர் ஏதாவது பிடுங்கிக்கொண்டதோ என்று திரும்பி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேசையைப் பார்ப்பார்கள். அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவள் அவன் தங்கை. அப்படித் திரும்புகிற முகங்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பழகிவிட்டது. கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவாள். அவர்கள் மறுபடி மேடைப் பக்கம் திரும்புவதற்குள் காலடியில் தரை லேசாக அதிரும். அவன் வந்திருப்பான்.

ஆமை என்று பெயர் வைத்தது டிரம்மர். ராக் குழுவில் பேஸ் கிட்டார்க்காரனுக்கு எல்லா ஊரிலும் ஒரே வேலைதான். தாளத்தின் முதல் அடியில் கனமாக ஒரு சுரத்தை இறக்கிவைக்க வேண்டும். அதன்மேல் மற்றவர்கள் ஏறி நின்று ஆடுவார்கள். ஆமை அந்த முதல் அடியைத் தொடவே மாட்டான். அதைக் காலியாக விட்டுவிட்டு, இரண்டாவதற்குக் கொஞ்சம் பின்னால், யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பது போல வந்து சேருவான்.

"எல்லாரும் ஊர் போய்ச் சேந்தப்புறம் இவரு செருப்பத் தேடிட்டிருப்பாரு" என்று டிரம்மர் முதல் மாதம் முழுக்கத் திட்டினான். இரண்டாவது மாதம் திட்டவில்லை. அந்தக் காலி இடத்தைக் கேட்கிறவர்கள் தங்கள் நெஞ்சுக்குள் தாங்களே அடித்து நிரப்பிக்கொள்கிறார்கள் என்று அதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. இப்போது வேறு யாரோடும் அவனால் வாசிக்க முடிவதில்லை.

ஆமை ஒரு பாட்டை இரண்டாம் தடவை அதே மாதிரி வாசித்தவனில்லை. நகத்தால் கம்பியை மீட்டாமல் கட்டைவிரலின் சதையால் தடவுவான். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே தடித்த கம்பியின் முறுக்காணியைத் தளர்த்தி, சுரத்தை மாடிப்படியில் இறக்குவது போல இறக்கிக்கொண்டு போவான். எல்லாவற்றையும்விட அவன் விடும் மௌனங்கள்தான் பேர்போனவை. நாலு பேர் கத்திக்கொண்டிருக்கும் நடுவில் அவன் மட்டும் சும்மா இருப்பான். அந்தச் சும்மாதான் காதில் விழும்.

ஆனால் தங்கைக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. அவன் சும்மா இருப்பதே கிடையாது. வலது கை மீட்டாத நேரத்திலும் இடது கை விரல்கள் கம்பியின் மேல் நடந்துகொண்டே இருக்கும். வாசிக்காத சுரங்களையும் அந்த விரல்கள் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போகும். அந்த அழுத்தலின் ஓசை கூட்டத்துக்குக் கேட்காது. ஆனால் மிக்ஸரில் அவனுக்கான வரிசையின் அடியில் இருக்கும் பச்சை விளக்கு, மின்மினி போல விட்டுவிட்டு மினுக்கும். ஹெட்போனைக் காதில் இறுக்கினால், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நடமாடும் சத்தம் மாதிரி இருக்கும். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பிடித்த சத்தம் அது. பக்கத்து அறையில் அண்ணன் விழித்திருக்கிறான், பயமில்லை என்று அர்த்தம்.

அவளை அவன் 'காது' என்றுதான் கூப்பிடுவான்.

அன்று மதிய நிகழ்ச்சி. ஒரு காலத்தில் மூட்டைகள் அடுக்கிவைத்த கிடங்கு அது, இப்போது அரங்கம். தகரக் கூரையிலிருந்து வெயில் வாசனை இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் சுவரோடு சுவராக நின்றது. மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பத்திரிகைக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆமையைப் பற்றி எழுத வந்தவர்.

மேடைக்குக் கிளம்பும்போது ஆமை அவளிடம் வந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "கை கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு. வண்டியில கோணலா தூங்கிட்டேன் போல."

"உதறிப் பாரு."

உதறினான். "சரியாயிடும். நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு. என் சத்தத்து மேல மட்டும் கை வைக்காத."

அது பழைய கணக்கு. ஒரு முறை மேடையில் அவன் முறுக்காணியைத் தளர்த்தித் தளர்த்தி, கம்பி மாடு முனகுவது போல முனகிவிட்டது. கம்பி கெட்டுவிட்டது என்று நினைத்து அவள் அவன் சத்தத்தைக் குறைத்துவிட்டாள். அவனோ அந்த முனகலைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ இறங்கிக்கொண்டிருந்திருக்கிறான். போய்ச் சேருவதற்குள் இவள் விளக்கை அணைத்தது போல ஆகிவிட்டது. அந்த மழைக்காலம் முழுக்க அவன் அவளிடம் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. பேச்சு மட்டும் இல்லை. கடைசியில் பேசியபோது சொன்னான்: "என் தப்ப நீ திருத்தாத. தப்பு பண்ணிட்டு நான் எங்க போறேன்னு பாத்துட்டிரு. இன்னொரு தடவ கை வச்சேன்னா, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்." சும்மா சொல்கிறவன் இல்லை அவன். வீட்டில் இருப்பது அவர்கள் இருவர்தான். வேறு யாரும் மிச்சமில்லை.

முதல் இரண்டு பாட்டுகள் நன்றாகத்தான் போயின. மூன்றாவது நீளமான பாட்டு. பாடகன் தன் பங்கை முடித்துவிட்டுத் தள்ளி நின்றான். இனி ஆமையின் இடம். வழக்கம்போல உயரமான முக்காலியில் கூன் போட்டு உட்கார்ந்து, தலையைக் கிட்டாரின் கழுத்துப் பக்கம் சாய்த்து, அவன் முதல் அடியை விட்டான். இரண்டையும் விட்டான். மூன்றாவதில் தடித்த கம்பி ஒரே ஒரு முறை அதிர்ந்தது. பிறகு மௌனம்.

"ஐயோ" என்றார் பத்திரிகைக்காரர். "கேட்டீங்களாம்மா?"

"எதை சார்?"

"அதான், ஒண்ணுமே இல்லையே! அதைத்தான்!"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பச்சை விளக்கைப் பார்த்தாள். விளக்கு இருட்டாக இருந்தது.

ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. மறுபடி அதே தடித்த கம்பி அதிர்ந்தது, விளக்கு முழுதாக எரிந்தது, அணைந்தது. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் நடமாடவில்லை.

கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. டிரம்மர் கண்ணை மூடித் தலையாட்டினான், அவனுக்குச் சொர்க்கம் தெரிந்திருக்க வேண்டும். விடப்பட்ட இடங்களில் அவன் குச்சியால் மெல்லத் தட்ட, கம்பி வந்து போக, அது அழகாகவும் இருந்தது. அசிங்கமாக இருந்திருந்தால் யாராவது நிறுத்தியிருப்பார்கள்.

வந்தவை எல்லாம் விரல் வைக்காத வெறும் கம்பியின் சுரங்கள் என்பதை அவள் கவனித்தாள். நாலு கம்பி, நாலே சுரம். வலது கை மட்டும் போதும் அதற்கு.

வேண்டுமென்றே செய்கிறானோ? செய்யக்கூடியவன்தான். இடது கையே இல்லாமல் ஒரு நாள் வாசித்துப் பார்க்கிறேன் என்று அவன் தனக்குத் தோன்றிய நேரத்தில் தொடங்கினாலும் தொடங்குவான். அவனை அத்தனை வருடம் ரசித்தது இதற்காகத்தானே? எந்த அடுத்த அடியையும் ஊகிக்க முடியாது என்பதற்காகத்தானே?

அவளுக்கு அப்பா ஞாபகம் வந்தது. அப்பா பேசாத மனிதர். ஒரு காலையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரமாகப் பக்கம் திருப்பவில்லை. அப்பா எதையோ யோசிக்கிறார் என்று அம்மா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். பிள்ளைகள் இருவரும் நுனிக்காலில் நடந்தார்கள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. அந்த வீட்டில் மௌனத்துக்கு அவ்வளவு மரியாதை.

மேசையில் ஒரு சிறிய மைக் உண்டு. அதில் பேசினால் அவன் காதில் செருகியிருக்கும் ஸ்பீக்கருக்கு மட்டும் போகும். அதை அழுத்தினாள்.

"அண்ணா. தட்டு."

அது அவர்களுக்குள் இருந்த வழக்கம். அவன் பாட்டுக்குள் ரொம்ப தூரம் போய்விட்டால் அவள் கேட்பாள். மீட்டாமல், இடது ஆள்காட்டி விரலால் கம்பியை ஒரு தட்டு தட்டுவான். பச்சை ஒரு முறை மினுக்கும். இருக்கேன் என்று அர்த்தம்.

மேடையில் அவன் தலை நிமிர்ந்தது. அவளிருக்கும் திசைக்கு இல்லை, கொஞ்சம் வலப்பக்கமாக, யாருமில்லாத சுவரைப் பார்த்துத் தலையசைத்தான். கேட்டிருக்கிறது. தட்டிவிட்டேன் என்பது போல முகத்தில் ஒரு நிம்மதி.

விளக்கு மினுக்கவில்லை.

"அண்ணா, தட்டலை நீ. இன்னொரு தடவ."

மறுபடி தலையசைத்தான், கொஞ்சம் எரிச்சலோடு. தடித்த கம்பி அதிர்ந்தது. கூட்டம் ஆரவாரித்தது. "கொல்றாரு, வாசிக்காமலே கொல்றாரு" என்று பத்திரிகைக்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். அவளுக்கு அவருடைய வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது.

கை தானாக மேசையின் வலது ஓரத்துக்குப் போனது. மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் நகரும் குமிழ் அங்கேதான் இருந்தது. சந்தேகம் தப்பாகப் போனால் இன்றோடு அவன் இவளை விட்டுவிடுவான். பேசாமல் தட்டைக் கழுவி வைப்பான், பேசாமல் கதவைச் சாத்திக்கொள்வான், ஒரு நாள் பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். சரியாகப் போனால்? அதை நினைக்க அவளுக்குத் தெம்பில்லை. தப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு குமிழைக் கீழே இழுத்தாள்.

அரங்கம் செத்துப்போனது. டிரம் மட்டும் வெறும் தோலாக இரண்டு அடி கேட்டு நின்றது.

"ஏய்! யாருப்பா அது சவுண்டுல? தூங்கறீங்களா?" பாடகன் மைக் இல்லாமல் கத்தினான். கூட்டம் ஊளையிட்டது. பத்திரிகைக்காரர், "என்னம்மா இப்படிக் கெடுத்துட்டீங்க!" என்று எழுந்தே விட்டார்.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். ஓடும்போதே பார்த்தாள், ஆமையின் வலது கட்டைவிரல் இன்னும் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தது. சத்தம் நின்றது அவனுக்குத் தெரியவில்லை. இடது கை கிட்டாரின் கழுத்தில் துணி காயப்போட்டது போலத் தொங்கியது. அவள் மேடையில் கால் வைத்தபோது அது வழுக்கி மடியில் விழுந்தது. அதன் பின்னாலேயே அவனும் சரிந்தான். டிரம்மர் பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டான்.

"என்னடா பண்ற? டேய் ஆமை, விளையாடாதடா" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாடகன் அவளுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். டிரம்மர் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றான். "நான் பக்கத்துலயே இருந்தேனே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். "ரசிச்சிட்டிருந்தேனே."

டாக்டர் வெளியே வந்தாள். மூளையின் வலது பக்கத்தில் ரத்தம் அடைத்திருக்கிறது என்றாள். சீக்கிரம் கொண்டுவந்ததால் உயிருக்குப் பயமில்லை என்றாள். கையைப் பற்றிக் கேட்டதற்கு, "இப்போ எதுவும் சொல்ல முடியாது" என்றாள். பிறகு தயங்கி, "இன்னொண்ணு. கை அசையலைங்கறது அவருக்குத் தெரியலை. இந்த மாதிரி அடைப்புல சில பேருக்கு அப்படி ஆகும். உள்ள போனா பதறாதீங்க" என்றாள்.

ஜன்னலோரக் கட்டில். அவன் வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது.

"ஏன் நிறுத்தின?" வார்த்தைகள் கொழகொழவென்று வந்தன. "நல்லாப் போயிட்டிருந்துச்சு."

"அண்ணா, உனக்கு உடம்பு—"

"மூணாவது பாட்டுல. மேல போயிட்டு, அப்படியே கீழ எறங்கி வந்தேன். இது வரைக்கும் நான் வாசிச்சதே இல்ல அது மாதிரி. வெரல் எல்லாம் தானா போச்சு." கண்கள் கூரையில் நிலைத்திருந்தன. "நீ கேட்டேல்ல?"

இருண்டு கிடந்த அந்த விளக்குக்குப் பின்னால், ஒரு சத்தமும் இல்லாத அந்த இடங்களில், அவன் முழுதாக ஒரு பாட்டை வாசித்துக் கேட்டிருக்கிறான். அவன் வாழ்நாளிலேயே சிறந்ததை. அது எங்கேயும் விழவில்லை. எந்தக் கம்பியிலும், எந்த ஒயரிலும், அவள் காதிலும்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தூங்கிப்போவான்.

"கேக்கலைண்ணா" என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். மற்றவர்கள் யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பான். சொன்னது காது.

"கேக்கலையா?"

"தட்டச் சொன்னேன். நீ தட்டலை."

"தட்டினேனே." தாழ்வாரத்தில் ஏதோ தள்ளுவண்டி உருண்டு போனது. "ரெண்டு தடவ தட்டினேன்."

பிறகு, கட்டிலில் தன் இடது பக்கம் யாரோ வந்து படுத்திருப்பதை அப்போதுதான் உணர்ந்தவன் போல, மெதுவாகத் தலையைத் திருப்பிப் போர்வைமேல் கிடந்த கையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவன் கண்ணில் அப்படி ஒரு பயத்தை அப்பா இறந்த அன்றும் அவள் பார்த்ததில்லை.

அவள் அந்தக் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். விரல் நுனிகள் கம்பி உரசித் தடித்துக் காய்த்திருந்தன. சூடாகத்தான் இருந்தன.

"எண்ணு" என்றான். "நீ எண்ணு. வாசிக்கறேன்."

"ஒண்ணு" என்றாள்.

கை அசையவில்லை. முதல் அடியில் அவன் ஒருநாளும் வாசித்ததில்லை. அதனால் அதுவரை பயமில்லை. அடுத்ததைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.