வண்டிக்கு வெட்டிய கைக்குழி

பார்சலைப் பிரித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெரிய அட்டைப்பெட்டிக்குள் கருகருவென்று பளபளத்துக்கொண்டு இரண்டு பிளாஸ்டிக் கவசங்கள், இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. லோயர் ஃபேரிங் என்பார்கள். நெடுந்தூரம் போகிற மோட்டார் சைக்கிளில் என்ஜினுக்கு இரண்டு பக்கமும் வளைந்திருக்கும் இரும்புக் கம்பியில் இவற்றை மாட்டிவிட்டால், எதிர்க்காற்று ஓட்டுகிறவரின் காலில் மோதாமல் ஒதுங்கிப் போய்விடும். என் வண்டியைச் செய்த கம்பெனி இதைச் செய்யவில்லை. வேறு யாரோ செய்து, உங்கள் வண்டிக்கும் பொருந்தும் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். பொருந்தாவிட்டால் வண்டி என் கையை விட்டுப் போய்விடும்.

விஷயம் இதுதான். என் இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும் அந்தக் கால், குளிர்காற்று பட்டால் கட்டையாகிவிடும். போன மாதம் மலைச்சாலையில் என் வீட்டுக்காரரைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனேன். உச்சி வளைவில் நிறுத்திக் காலை ஊன்றப் பார்த்தால், கால் நீள மாட்டேன் என்றுவிட்டது. வண்டி சாய, அவர் குதித்துத் தாங்க, எங்கிருந்தோ ஒரு லாரி டிரைவர் ஓடிவந்து என்னை மூட்டையைப் போலத் தூக்கி இறக்கினார். என் வண்டி இன்னொருவர் லாரியில் ஏறி வீடு வந்தது. அன்றைக்கே என் வீட்டுக்காரர் தம்பிக்கு போன் போட்டு, வண்டியை நீயே எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். என் கொழுந்தனுக்கு அந்த வண்டி மேல் முதல் நாளிலிருந்தே ஒரு கண். வலியில் சுருண்டு கிடந்த நான் என்னத்தை மறுத்துப் பேச?

வலி போனதும் வாய் வந்துவிட்டது. நான் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது என் தொழில். வாரத்தில் ஒரு நாளாவது ஓட்டத் தெரிந்த ஒருத்தி ஓட்டுகிற வண்டியில் நான் போக வேண்டாமா? அந்த ஒருத்தி நான்தான். வண்டியைக் கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒற்றைக் காலில் நின்றேன். அதுவும் நல்ல காலில்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஞாயிறு சாயங்காலம் கொழுந்தன் வண்டியை எடுக்க வருகிறான். அதற்குள் இந்தக் கவசங்களை மாட்டி, அதே உச்சி வளைவு வரை ஓட்டி, யார் கையையும் பிடிக்காமல் நான் இறங்கிவிட்டால் வண்டி எனக்கு. முடியாவிட்டால் சாவி அவனுக்கு. தம்பியிடம் இதைச் சொல்லிவிடுங்கள் என்றேன், ஆகட்டும் என்றார். அவர் சொல்லவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தம்பிக்கு ஏமாற்றமாகிவிடுமாம்.

பார்சல் வந்து சேர்ந்ததே சனிக்கிழமை. மெக்கானிக்கிடம் ஓடினேன். கம்பெனிப் பொருளா என்று கேட்டார், இல்லை என்றதும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தலையை இன்னொரு வண்டிக்குள் விட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து காச்சுமூச்சென்று கத்தினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, நானே மாட்டுகிறேன் என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் டெய்லர். வீட்டுக்குக் கீழேதான் கடை. ஞாயிறு காலை வெட்டும் மேசையைச் சுவரோரம் தள்ளி, பலகை போட்டு வண்டியைக் கடைக்குள் ஏற்றினோம். கண்ணாடிக்கு முன்னால் அது வந்து நின்றபோது, அளவு கொடுக்க வந்திருக்கும் குண்டு வாடிக்கையாளர் ஒருவரைப் போலத்தான் இருந்தது. செருப்போடு அந்தக் கடைக்குள் யாரும் கால் வைக்க முடியாது, துணி அழுக்காகிவிடும் என்பார். என் செருப்பும் வாசலோடு நின்றது.

இந்த மனுஷன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க ரொம்பப் பொறுமை வேண்டும், எனக்கோ அந்தச் சரக்கே கிடையாது. பெட்டியோடு வந்த படங்களைப் பார்த்து, கிளாம்பை மாட்டி, போல்ட்டை முறுக்கினால் முடிந்தது என்பது என் கணக்கு. அவர் முதலில் செய்தித்தாளில் கவசத்தின் வடிவத்தை வெட்டி, அதைக் கம்பியில் ஒட்டிப் பார்த்தார். அப்புறம் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மேலே, கீழே, குறுக்கே அளந்தார். கிளாம்புக்குள் ரப்பர் வைத்து, எல்லா போல்ட்டையும் அரைகுறையாக மட்டும் மாட்டினார். இறுக்கித் தொலையுங்களேன் என்றேன். முதலில் ஓட்டுத்தையல், கடைசியில்தான் கெட்டித்தையல் என்றார். குண்டூசிகளை வைத்துக்கொள்கிற பழக்கத்தில் வாஷர்களை உதட்டில் இடுக்கிக்கொண்டதால், அதற்குப் பிறகு நான் கேட்டதற்கெல்லாம் 'ம்' மட்டும்தான் பதில்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, எதையும் அவர் விடவில்லை. ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, முன்சக்கரம் கவசத்தில் உரசுகிறதா என்று பார்த்தார். ஸ்டாண்டிலிருந்து இறக்கி என்னை மேலே உட்கார்ந்து குதிக்கச் சொல்லி, வண்டி அமுங்கும்போதும் பார்த்தார். என் கால் எங்கே வரும், முட்டி எங்கே வரும், விரல் எங்கே வரும் என்று சாக்பீஸால் அடையாளம் வைத்தார். பிறகு ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கிவிட்டு எழுந்து, தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தார். கவசங்கள் அந்த வண்டியோடு பிறந்ததைப் போல உட்கார்ந்திருந்தன.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடிக்கு ஓடி ஜாக்கெட்டைப் போட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு வருவதற்குள் அவர் வண்டியை வாசலில் இறக்கியிருந்தார். ஏறினேன். ஸ்டார்ட் செய்தேன். முதல் கியர் விழுந்தது. தெருவில் நாலடி உருண்டு, இரண்டாவதைப் போடக் கால் விரலை லீவருக்குக் கீழே நுழைத்துத் தூக்கினால், தூக்க முடியவில்லை. பூட்ஸின் மூக்கு கவசத்தின் ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றது. இன்னொரு தரம் தூக்கினேன். டொக்கென்று அதே இடத்தில் இடித்தது.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். பேன்ட்டுக்கு உயரம் எடுக்கும்போது செருப்பைக் கழற்றச் சொல்லி வெறுங்காலில் நிறுத்துவது அவருடைய பழக்கம், அப்போதுதான் அளவு சரியாக வருமாம். அந்தச் சுத்தமான அளவைத்தான் என் வெறுங்காலுக்கு எடுத்திருக்கிறார். வெறுங்காலோடு மலையேறுவதாக இருந்தால் எனக்கு அமோகமாகப் பொருந்தும்.

நான் கொதித்துப்போனேன். என்னென்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை, ஆனால் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் குந்தி உட்கார்ந்து கிளாம்பை முன்னால் நகர்த்த முடியுமா என்று பார்த்தார். நகர்த்தினால் முன்சக்கரம் திரும்பும்போது கவசத்தில் உரசுகிறது. கீழே இறக்கினால் சாலை மேட்டில் தட்டும். வழியே இல்லை. கோபம் வடிந்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழுந்தன் வந்து சேர்ந்தான். சாயங்காலம் வர வேண்டியவன், ஆசை தாங்காமல் மத்தியானமே வந்துவிட்டான். கையில் புது ஹெல்மெட், வாயெல்லாம் பல். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவன் கவசத்தைத் தட்டிப் பார்த்தான்.

"எதுக்கு அண்ணி இந்த வேலையெல்லாம்? எப்படியும் நான் இத கழட்டித் தூக்கிப் போட்டுருவேன். எனக்கு காத்து நல்லா அடிக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். தான் தைத்ததைப் பிரித்துப் போடுவேன் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லி அவர் இதுவரை கேட்டதில்லை. எழுந்தார். கடைக்குள் போய் சாக்பீஸோடும் மெல்லிய ரம்பப் பிளேடோடும் வந்தார். என்னைப் பூட்ஸோடு வண்டியில் உட்கார்ந்து, கியர் போடுகிற மாதிரி காலை மெதுவாகத் தூக்கச் சொன்னார். பூட்ஸ் மூக்கு போகிற பாதையைக் கவசத்தின் ஓரத்தில் ஒரே இழுப்பில் வளைவாக வரைந்தார். சட்டையில் கை பொருத்த வெட்டுகிற வளைவு அப்படியே அங்கே வந்திருந்தது. கைக்குழி.

அவர் கையைப் பிடித்தேன். "வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாதுங்க. வேற ஜோடிகூட இல்ல."

"துணிய வெட்டினா மட்டும் ஒட்டுமா? நீ கால ஆட்டாம இரு."

தம்பியைக் கவசத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவனும் என்ன ஏதென்று தெரியாமல் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டான். ரம்பம் கிரீச் கிரீச்சென்று போகப்போக என் பல்லெல்லாம் கூசியது. நடுவில் பிளாஸ்டிக் படக்கென்று ஒரு சத்தம் போட்டது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். விரிசல் இல்லை. கடைசியில் பிறை வடிவத்தில் ஒரு துண்டு தரையில் விழுந்தது. உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கினார். அதோடு விட்டிருந்தால் அவர் டெய்லர் இல்லையே. கருப்பு ரெக்சினில் நாடா வெட்டி, பசை தடவி, வெட்டிய வாய் நெடுக பைப்பிங் வைத்தார். பசை காய்கிற வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார், எனக்குத்தான் நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை.

கொழுந்தன் சாவியைக் கேட்டான். ஒரு டிரையல் பார்த்துவிட்டு வருகிறோம், அதுவரை கடையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் என் பின்னால் ஏறினார். தம்பியின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

முதல் கியர். கிளட்சைப் பிடித்தேன். பூட்ஸை நுழைத்துத் தூக்கினேன். கிளக். அடடா, அந்த ஒரு சத்தத்துக்காக நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். மூன்று, நாலு, ஐந்து என்று வேண்டுமென்றே கியரை ஏற்றி இறக்கி, இறக்கி ஏற்றிக்கொண்டு போனேன். போதும் விளையாட்டு என்று அவர் என் முதுகில் தட்டினார்.

மலை ஏற ஏறக் காற்று ஊசியாகக் குத்தியது. தோளில் குத்தியது, கழுத்தில் குத்தியது, கையுறைக்குள் விரல் விறைத்தது. இடுப்புக்குக் கீழே மட்டும் காற்றே இல்லை. என்ஜின் சூடு கவசத்துக்குள் தங்கி, முட்டியைச் சுற்றி வெதுவெதுவென்று நின்றது. ஆனாலும் நான் அதை நம்பவில்லை. அன்றைக்கும் இறங்குகிற வரைக்கும் கால் நன்றாகத்தானே இருந்தது? உச்சி வளைவு நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்தேன். என் இடுப்பைப் பிடித்திருந்த அவர் கை இறுகியது.

வளைவில் ஒதுக்கி நிறுத்தினேன். இடது காலை நீட்டினேன். நீண்டது. ஊன்றினேன். வண்டியின் முழு பாரமும் அதில் இறங்கியது, கால் அசையாமல் நின்றது. அவர் பின்னாலிருந்து இறங்கி, தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையை இரண்டு பாக்கெட்டிலும் திணித்துக்கொண்டிருந்தார். கிட்டே நின்றால் தன்னை அறியாமல் பிடித்துவிடுவோம் என்று பயந்திருக்கிறார், பாவம்.

ஸ்டாண்டைப் போட்டேன். இடது காலிலேயே நின்று, வலது காலைத் தூக்கி சீட்டுக்கு மேலே சுழற்றி இறங்கினேன். இரண்டு காலாலும் தரையில் நின்றேன். நடந்தும் பார்த்தேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"திரும்புங்க," என்றேன்.

திரும்பினார். நான் நிற்பதைப் பார்த்தார். வந்து குனிந்து, இஸ்திரிப்பெட்டியின் சூட்டைப் பார்க்கிறவர் மாதிரி என் முட்டியில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

"அன்னைக்கு அந்த லாரிக்காரர் உன்ன தூக்கி இறக்கினப்ப நான் பயந்துட்டேன். அந்தப் பயத்துலதான் அவனுக்கு போன் பண்ணிட்டேன். உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தூளைத் தட்டிவிட்டேன்.

அவர் போன் அடித்தது. கொழுந்தன். இருட்டுவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்பது எனக்கே கேட்டது. என் வீட்டுக்காரர் நாங்கள் ஏறி வந்த சாலையைப் பார்த்தார். அப்புறம் மலைக்கு அந்தப் பக்கம் இறங்குகிற சாலையைப் பார்த்தார். அந்தச் சாலையில் நாங்கள் ஒரு தடவைகூடப் போனதில்லை.

"தம்பி, வண்டி உங்க அண்ணிக்குதான். முன்னாடியே சொல்லாதது என் தப்பு, என்னைத் திட்டிக்கோ," என்றார். "நாங்க இன்னைக்கு வரல. நீ ஷட்டர இழுத்து விட்டுட்டு வீட்டுக்குப் போ."