இதைத்தான் கிழிச்சேன்

"மேடம், இது பேஷன்ட் இல்ல. பாடி."

ரிப்பேர் கடைக்காரர் இப்படிச் சொல்லிட்டு, என் லேப்டாப்பை ரெண்டு விரலால என் பக்கமே தள்ளினார். திறந்துகூடப் பார்க்கல. அடிப்பக்கத்தைத் தொட்டார், "அம்மாடி, என்ன சூடு"ன்னார், பதினோரு வருஷத்துப் பழசுன்னு தெரிஞ்சதும் தீர்ப்பு எழுதிட்டார். எனக்குச் சுர்ருனு ஏறிச்சு.

"பாடின்னா சில்லுனு கிடக்கணும்ங்க. இது கொதிக்குது. உயிர் இருக்குன்னுதானே அர்த்தம்?"

பக்கத்துல நின்ன ஒருத்தர் சிரிச்சுட்டார். நான் சிரிக்கல. லேப்டாப்பைப் பையில போட்டுக்கிட்டு விறுவிறுன்னு வந்துட்டேன்.

என் அவசரம் அவருக்கு எங்க தெரியும்? வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு வீடியோவுல எனக்கு இண்டர்வியூ. பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல, தையல் பிரிவுல, அளவு போட்டுத் துணி வெட்டற வேலை. டாக்டர் கோட்டு, நர்ஸ் உடுப்பு, ஆபரேஷன் தியேட்டர் துணி எல்லாம் அங்கயே தைக்கிறாங்க. வேலைக்கு வர்றவங்களுக்கு ஒரு அறையும் குடுப்பாங்க, பூட்டு சாவியோட. நெசமாச் சொல்றேன், அந்தச் சாவிக்காகத்தான் அப்ளிகேஷனே போட்டேன். இண்டர்வியூவுல முக்கால் மணி நேரம், அவங்க பார்க்கப் பார்க்க, ஒரு கோட்டுக்கு கம்ப்யூட்டர்ல பேட்டர்ன் வரையணும். நான் வரையற சாஃப்ட்வேர் அரதப் பழசு, இந்த லேப்டாப்பைத் தவிர வேற எதுலயும் ஓடாது. இதுவோ இருபது நிமிஷம் ஆகறதுக்குள்ள பொட்டுனு அணைஞ்சுடுது.

வீட்டுக்காரனை விட்டுட்டு வந்து ஆறு வருஷமா அண்ணன் வீட்டு முன்னறையில இருக்கேன். ஒரு ஓரம் தையல் மெஷின், ஒரு ஓரம் துணி ஓரத்தை வெட்டித் தைக்கிற ஓவர்லாக் மெஷின், நடுவுல என் கட்டில். அந்த அறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. லேப்டாப்கூட நான் வந்த புதுசுல அண்ணன் குப்பையில போடப் போனதை நான் கேட்டு வாங்கினதுதான்.

"கடையில என்ன சொன்னான்?"ன்னு அண்ணன் கேட்டான்.

"பாடிங்கிறான்."

"நான் அப்பவே சொன்னேன்ல? தூக்கிப் போட்டுட்டு சும்மா இரு. அது ஓடினாலும் அங்க அனுபவம் கேப்பாங்க, என்ன சொல்லுவ? ஆறு வருஷமா அந்த ரூமுக்குள்ள உக்காந்து அப்படி என்னத்தக் கிழிச்ச?"

ஒரு தையல்காரிகிட்ட கேக்கற கேள்வியா இது! அவன் வீட்டு ஜன்னல் திரையிலிருந்து அவன் பொண்ணு ஸ்கூல் யூனிஃபார்ம் வரைக்கும் யாருப்பா கிழிச்சது, யாரு தைச்சது? வாய் வரைக்கும் வந்துச்சு. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அண்ணி, வேண்டாம்னு கண்ணாலயே சொன்னாங்க. முழுங்கிட்டேன். ஆனா ஒண்ணு, அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன். எவன் கைவிட்டாலும் சரி, இதை நானே பார்க்கிறேன்.

முதல்ல ஓட விட்டு நேரம் பார்த்தேன். பத்தொன்பதாவது நிமிஷம் அணைஞ்சுடுச்சு. காத்து வெளிய வர்ற ஓட்டைக்கு நேரா கையைக் காட்டினா, தூங்கற குழந்தை மூச்சு அளவுக்குக்கூட வரல. சரி, உள்ள இழுக்கிற வழி எங்கன்னு அடியில தடவினேன். அங்கதான் எனக்கே வெக்கமாப் போச்சு. லேப்டாப்புக்கு அடியில நான் தைச்சுப் போட்ட மெத்தை! கீறல் விழக்கூடாதுன்னு பஞ்சு வச்சு, கட்டம் கட்டமா தையல் ஓட்டி, ஓரத்துக்கு பைப்பிங் வேற குடுத்திருக்கேன். காத்து இழுக்கிற ஓட்டை பூரா அடிப்பக்கம்தான் இருக்கு. ஆசை ஆசையா அதோட மூக்கைப் பொத்தி வச்சிருக்கேன். வேற எவளுக்கு வரும் இந்தப் புத்தி? தலையில அடிச்சுக்கிட்டு மெத்தையை உருவினேன். நாலு மூலைக்கும் காலி நூல்கட்டையை வச்சு உசத்தினேன். இப்போ இருபத்தாறு நிமிஷம் தாங்கிச்சு. பத்தாது.

மறுநாள் அண்ணன் ஆபீஸ் கிளம்பினதும் பேட்டரியைக் கழட்டி வச்சுட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பேட்டர்ன் பேப்பர்ல லேப்டாப்போட உருவத்தை வரைஞ்சு, எந்த ஸ்க்ரூ எந்த இடமோ அங்கயே வச்சேன். முழுச் சட்டையைப் பிரிச்சுத் திரும்பத் தைக்கிறவளுக்கு இது என்ன பிரமாதம்? அண்ணி கையைத் துடைச்சுக்கிட்டு வந்து டார்ச் பிடிச்சாங்க.

ஃபேனை வெளிய எடுத்தா, அதுக்குப் பின்னால செம்புத் தகடு இருக்க வேண்டிய இடத்துல ஒரு சுவர் இருந்துச்சு. பஞ்சுச் சுவர். ஓவர்லாக் இடுக்கியால ஓரத்தைப் பிடிச்சு மெதுவா இழுத்தேன். விரல் நீளத்துக்கு, கெட்டியா, கம்பளித் துண்டு மாதிரி அப்படியே வந்துச்சு. குறுக்குவெட்டுல பார்த்தா வரி வரியா நிறம். அடியில சந்தனக் கலர், அதுக்கு மேல நீலம், அப்புறம் பழுப்பு, அப்புறம் அரக்கு.

"இது நம்ம ஜன்னல் திரைதானே?"ன்னு அண்ணி கேட்டாங்க. விரலை நகர்த்தி, "இந்த அரக்கு என்னோட பிளவுஸ்"ன்னாங்க. நான் அந்தத் துண்டைக் குண்டூசி டப்பாவுல பத்திரமா வச்சேன். ஏன் வச்சேன்னு அப்போ எனக்கே தெரியாது.

சிப்புக்கு மேல சூட்டைக் கடத்தறதுக்காகப் பூசியிருந்த பசை காஞ்சு பொருக்காயிருந்துச்சு. அதே கடைக்காரர்கிட்ட போய்ப் புதுப் பசை கேட்டேன். "யாருக்கு?"ன்னார். "பாடிக்கு"ன்னேன். பழசைத் துடைச்சு, புதுசை அரிசி அளவு வச்சு, எல்லாத்தையும் பூட்டி ஓட விட்டேன். அம்பத்திரண்டாவது நிமிஷமும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. நானும் அண்ணியும் போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டுல கதவு திறந்துச்சு.

வியாழக்கிழமை அண்ணன் லீவு போட்டான். வேடிக்கை பார்க்கத்தான், வேற எதுக்கு? டம்ளரோட கதவுல சாய்ஞ்சு நின்னான். திரையில ரெண்டு பேர். டை கட்டின ஆபீசர் ஒருத்தர், கழுத்துல இஞ்ச் டேப் போட்ட ஒரு அம்மா. அந்தம்மாதான் தையல் பிரிவுக்குத் தலைமை. நான் வரைஞ்சேன். முதுகு, முன்பக்கம், கை, காலர். முப்பதாவது நிமிஷம் ஃபேன் சத்தம் ஏறிச்சு. ஏறின சத்தம் தானா இறங்கிச்சு. நாப்பதுல முடிச்சுட்டேன்.

ஆபீசர் தாளைப் புரட்டினார். "அனுபவச் சான்றிதழ் எதுவும் காணோமே. கடைசி ஆறு வருஷம் எங்க வேலை செஞ்சீங்க?"

கதவுப் பக்கமிருந்து "நான் சொல்லல?"ன்னு முணுமுணுப்பு. எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. குண்டூசி டப்பாவைத் திறந்து அந்தத் துண்டை கேமராவுக்கு நேரா பிடிச்சேன்.

"வீட்டுலதாங்க செஞ்சேன். சான்றிதழ் குடுக்க ஆள் இல்ல. இது இந்த லேப்டாப்புக்குள்ள ஃபேனை அடைச்சுக்கிட்டிருந்த பிசிறு. இந்தச் சந்தனம் பதினாலு ஜன்னல் திரை. நீலம் ஸ்கூல் யூனிஃபார்ம், தெரு பூரா பிள்ளைங்களுக்கு. அரக்கு எங்க அண்ணி பிளவுஸ். ஆறு வருஷமா என்னத்தக் கிழிச்சேன்னு கேட்டா, இதைத்தான் கிழிச்சேன்."

ஆபீசர் முழிச்சார். அந்தம்மா மட்டும் திரைக்குக் கிட்ட வந்து கண்ணாடியை ஏத்திவிட்டாங்க.

"நீலம் மட்டும் ஏன் இவ்வளவு தடிமன்?"

"ஓவர்லாக் கத்தி மழுங்கிப்போன சமயம்ங்க அது. துணியை வெட்டாம கடிச்சுத் துப்பிச்சு. புதுக் கத்தி போட்டேன், அடுத்த பழுப்பு பாருங்க, எவ்வளவு சன்னமா இருக்கு."

அந்தம்மா ஆபீசர் பக்கம் திரும்பி, "மழுங்கினா கத்தியை மாத்துங்கன்னு இதைத்தான் சார் நான் நம்ம ஆளுங்ககிட்ட தொண்டை கிழியக் கத்தறேன்"னாங்க. கதவுப் பக்கம் திரும்பினேன். டம்ளர் மட்டும் ஸ்டூல் மேல இருந்துச்சு.

எட்டாம் நாள் வேலைக்கான ஆர்டர் வந்துச்சு. நான் பெட்டி கட்டறப்போ அண்ணன் வந்து நின்னான்.

"இப்போ லேப்டாப் நல்லாத்தானே ஓடுது? வச்சுட்டுப் போயேன். அது என்னுதுதானே."

"பாடியை எதுக்குண்ணா வீட்டுல வச்சுக்கிற?"ன்னேன். அதைப் பையில வச்சு ஜிப்பை இழுத்தேன். "வேணும்னா அந்த மெத்தையை வச்சுக்கோ. அழகா இருக்கும். எது மேல போட்டாலும், எதுக்கு அடியில போட்டாலும் மூச்சு முட்டும், பார்த்துக்கோ."

அடுப்படியில அண்ணி வாய்விட்டுச் சிரிச்சாங்க. ஆறு வருஷத்துல அந்தச் சத்தத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.