கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்

1

இந்தக் கதையை என்னிடம் எழுதச் சொன்னவர் ஒரு இன்ஸ்பெக்டர். அவர் கதை என்று சொல்லவில்லை. ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளிவிட்டு, "உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்கம்மா. சுருக்கமா. எங்க ஆரம்பிச்சுதோ அங்கேருந்து" என்றார்.

எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்திருந்தால் நான் ஏன் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்?

நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசகரைக் காக்கவைத்துச் சாவுச் செய்தி சொல்லும் சாமர்த்தியம் எனக்கு வேண்டாம். என் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கடை வாசலை அடைத்து பைக் நிறுத்திய இரண்டு பேரோடு தகராறு. ஒருவன் ஹெல்மெட்டால் தம்பியின் தலையில் அடித்தான். ஷட்டரை இழுக்கும் இரும்புக் கொக்கியைத் தம்பி வீசினான். அது அடித்தவன் மேல் படவில்லை. பக்கத்தில் நின்றவனின் தாடை உடைந்தது. தம்பி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டான். தாடை உடைந்தவன் புகார் கொடுத்தான். காவல் நிலையம் இதற்கு வைத்த பெயர் 'இருதரப்பு மோதல்'.

இரண்டு தரப்பில் ஒரு தரப்பு ஜாமீனில் வெளியே வந்து அதே தெருவில் அதே பைக்கை ஓட்டுகிறது. இன்னொரு தரப்பு வரமுடியாத இடத்தில் இருக்கிறது. வழக்கில் முதல் எதிரி, அதாவது முதல் குற்றம்சாட்டப்பட்டவன், என் தம்பி.

"செத்தவர் பேர்ல கேஸ் நிக்காதும்மா, கவலைப்படாதீங்க" என்று இன்ஸ்பெக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். கவலை அதுவல்ல. தம்பி சண்டைக்குப் போனவன் என்று எழுதப்பட்டால், ஹெல்மெட்டால் அடித்தவன் கொன்றவன் இல்லை, சண்டையில் கலந்துகொண்டவன். 'மோதல்' என்ற அந்த ஒரு சொல்லை மாற்றத்தான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்:

"வெயில் தாழ்ந்த நேரம். தம்பி வாசலுக்கு வந்து, கைகூப்பி, 'அண்ணே, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கண்ணே' என்று—"

கைகூப்பியா? கடன் கேட்கப் போன வங்கியிலேயே மேலாளருக்கு எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவன் அவன். விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

"'வண்டியை நீங்க எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டா?' என்று தம்பி—"

இது அவன் குரல் மாதிரியே இருக்கிறது. அதனால்தான் இதையும் விட்டேன்.

மூன்றாவது தொடக்கத்தை எழுதும்போது கை நின்றுவிட்டது. நான் அங்கே இல்லை. கடையின் பின்னறையில் லென்ஸ் ஓரம் தேய்க்கும் மெஷினில் இருந்தேன். அது ஓடினால் இடி விழுந்தாலும் கேட்காது. லென்ஸ் முடிந்தது, மெஷினை நிறுத்தினேன், வெளியே வந்தேன். தம்பி படியில் உட்கார்ந்திருந்தான், சட்டைப்பையை ஒரு கையால் பொத்தியபடி. "அக்கா, கண்ணாடி உடையலையே?" என்று கேட்டான். பிறகு சாய்ந்தான்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு முன்னால் நான் எழுதும் ஒவ்வொரு வரியும் புனைவு.*

* இன்ஸ்பெக்டர் கேட்டது இதை அல்ல என்று எனக்குத் தெரியும். 'புனைவு' என்று வாக்குமூலத்தில் எழுதினால் சிரிப்பார்.

3

உலகத்துக்கு இந்தக் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. எதிரே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் எடுத்த வீடியோவில். அரை நிமிடம்கூட இல்லை. முதல் காட்சியில் தம்பி கண்ணாடியைக் கழற்றுகிறான். மடிக்கிறான். சட்டைப்பையில் வைக்கிறான். ஹெல்மெட் வருகிறது. கொக்கி போகிறது. தம்பி படியில் சரிகிறான். முடிந்தது.

'சிங்கம்டா!'

'இப்படி நாலு ஆம்பளை இருந்தா ஊரு உருப்படும்.'

'கழட்டுற ஸ்டைலைப் பாரு. சண்டைக்கு ரெடியாத்தான் வந்திருக்கான்.'

'வாயை மூடிட்டு உள்ள போயிருந்தா உயிரோட இருந்திருப்பான். கொழுப்பு.'

'பின்னால ஓடுற மியூசிக் என்னது? லிங்க் கிடைக்குமா?'

ஆமாம், யாரோ இசை சேர்த்திருந்தார்கள்.

சிங்கமாம். சுவரில் பல்லியைப் பார்த்தால் கடையை என்னிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவன் சிங்கம்! கொழுப்பாம். சட்டை போட்டால் ஹேங்கரில் தொங்குவது போலிருக்கும் அவனுக்குக் கொழுப்பு! புகழ்ந்தவர்கள் மேல் வந்த கோபம்தான் திட்டியவர்கள் மேல் வந்ததைவிட எனக்கு அதிகம். திட்டியவர்களாவது அவன் செத்துப்போனதைக் கவனித்திருந்தார்கள்.

ஒரு தற்காப்புக் கலைப் பயிற்சிக்கூடம் அதே வீடியோவை நிறுத்தி நிறுத்திப் போட்டு, 'இவர் செய்த மூன்று தவறுகள்' என்று பாடம் எடுத்தது. மூன்றாவது தவறில் என் தம்பி விழுகிறான். விழுந்து முடிப்பதற்குள் கட்டண விவரம் வந்துவிடுகிறது.

தொலைக்காட்சியில் 'தற்காப்பின் எல்லை எது?' என்று ஐந்து பேர் கத்தினார்கள். என் தம்பியின் கண்ணாடிப் பவர் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மைனஸ் ஒன்பது. கண்ணாடி இல்லாவிட்டால் தன் கையை நீட்டினால் விரல்களை எண்ண முடியாது. அந்தக் கொக்கி அடியை 'குறிபார்த்து அடித்தது' என்கிறான் எதிர்த்தரப்பு வக்கீல். குறி! ஆளே மாறி விழுந்த அடிக்குக் குறி.

4

இதை இன்ஸ்பெக்டரிடமும் சொன்னேன். அவர் தன் போனில் வீடியோவை நிறுத்தி என் பக்கம் திருப்பினார்.

"இங்க பாருங்கம்மா. நிதானமா கழட்டுறாரு, மடிக்கிறாரு. பயந்தவன் மடிப்பானா?"

"கண்ணாடிக் கடைக்காரன் மடிப்பான் சார். தூக்கக் கலக்கத்துலகூட மடிச்சுத்தான் வெப்பான்."

"சரி, ஏன் கழட்டினாரு?"

"அடி விழப்போகுதுன்னு தெரிஞ்சிருக்கும். கண்ணாடி உடைஞ்சு கண்ணுல ஏறினவங்க எத்தனையோ பேர் எங்க கடைக்கு வந்திருக்காங்க."

"அடிக்கப் போறவனும் கழட்டுவான்மா."

எதற்காகக் கழற்றினான் என்று எனக்கும் தெரியாது. இந்தக் கதையில் நான் நம்ப முடியாத ஒரே பாத்திரம், நான் இடுப்பில் தூக்கி வளர்த்த என் தம்பி.

"அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எதிர்க்கடைக்காரரைக் கேட்டீங்களா சார்?"

"அதான் வீடியோ எல்லார் போன்லயும் இருக்கே. அவரை வேற எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

அவர் போனுக்கு அதை அனுப்பியது அவருடைய மைத்துனர். திரையைத் திருப்பும்போது பார்த்துவிட்டேன். வீடியோவுக்குக் கீழே வாயைப் பிளந்து ஆச்சரியப்படும் மஞ்சள் பொம்மை ஒன்று இருந்தது. விசாரணைக்கு ஆதாரம் வந்து சேர்ந்த வழி இது. வாங்கியதற்கு ரசீது கிடையாது, எடுத்தவரிடம் ஒரு கேள்வி கிடையாது. தாடை உடைந்தவனின் எக்ஸ்ரே மட்டும் பத்திரமாக உறை போட்டு மேசைமேல் இருந்தது.

5

கதையை எங்கே தொடங்குவது என்பது அழகைப் பற்றிய கேள்வி என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். வாசித்த கதைகளில் சில மழையில் தொடங்கும், சில மரணத்தில் தொடங்கும். நன்றாக இருக்கிறதே என்று பக்கம் திருப்புவேன். அது அழகின் கேள்வி இல்லை. கண்ணாடியைக் கழற்றுவதில் தொடங்கினால் தம்பி ஆரம்பித்தவன். ஹெல்மெட்டில் தொடங்கினால் அவன் அடிபட்டவன். கொக்கியில் தொடங்கினால் அவன் சிங்கம். எங்கே வெட்டுகிறோமோ அங்கே நிற்பவன் தலையில் பழி விழுகிறது. பிறகு நானூறு பக்கம் எழுதினாலும் இறங்காது.

அப்படியானால் நான் எங்கே வெட்டுகிறேன்?

(முந்தின வாரம் வாசலை அடைத்து நின்ற ஒரு பைக்கின் காற்றைத் தம்பி பிடுங்கிவிட்டான். அது இவர்களுடைய பைக்தானா என்று தெரியாது.)

இந்த வரியை எழுதும்போது தம்பி மனைவி என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இதை எதுக்கு எழுதறீங்க?"

"நடந்துச்சே."

"நடந்ததையெல்லாம் எழுதுவீங்களா? அடிச்சவனோட வக்கீல் எழுதுவானா, 'எங்காளு குடிச்சிருந்தான்'னு?"

"மாட்டான்."

"அப்புறம்? உண்மையை நாம மட்டும் மொத்தக் குத்தகைக்கு எடுத்திருக்கோமா? அவரு இருந்தா அந்த வரியை அவரே அடிச்சிருப்பாரு."

"அவன் இருந்தா 'புஸ்ஸுன்னு போச்சுக்கா, பாக்கணுமே'ன்னு தெருவுக்கே சொல்லிச் சிரிச்சிருப்பான்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்தாள். நான் திரும்ப எழுதினேன். அவள் திரும்ப அடித்தாள். கடைசியில் அடைப்புக்குறிக்குள் போடுவது என்று முடிவானது. நீங்கள் மேலே பார்த்த அடைப்புக்குறி எங்கள் குடும்ப ஒப்பந்தம்.

"அந்தக் கதவுங்க ரெண்டும் கெட்டியா இருக்கட்டும்" என்றாள் குறிகளைக் காட்டி. "வெளியே வந்துடப் போகுது."

6

எதிர்க்கடைக்காரரிடம் நானே போனேன். ஒரு போனின் வயிற்றைத் திறந்துவைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. ஏழு லட்சம் பேர் பாத்துட்டாங்கக்கா. எல்லாம் அண்ணனுக்காகத்தான்."

"முழு வீடியோ வேணும்."

"அதான்க்கா முழுசு."

"ஒரு ஆள் கண்ணாடியைக் கழட்டப் போறான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் கழட்டும்போதே போன் உங்க கையில ரெடியா இருந்திருக்கே."

உருப்பெருக்கியிலிருந்து முகத்தை எடுத்தார்.

"முன்னாடி சும்மா பேச்சுதான்க்கா. நாலு நிமிஷத்துக்கு மேல. யாரும் பாக்க மாட்டாங்க. மூணு செகண்டுல விஷயம் வரலைன்னா ஆளு தள்ளிட்டுப் போயிடுவான்."

"போகட்டும். எனக்கு வேணும்."

"அழிச்சிட்டேன்."

"உங்க கடை போர்டுல என்ன எழுதியிருக்கு? அழிந்த படங்கள் மீட்டுத் தரப்படும்."

அவர் போர்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. திறந்துகிடந்த போனில் ஒரு திருகாணியை எடுத்துத் திரும்ப அதே துளையில் வைத்தார். "அதுல என் குரல் இருக்குக்கா" என்றார்.

"என்ன குரல்?"

"'விடாதீங்கண்ணே, போடுங்க ரெண்டு'ன்னு."

"யாரைப் பாத்துச் சொன்னீங்க? என் தம்பியையா, அவங்களையா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். அதற்காக இன்றும் அவரை முழுதாக வெறுக்க முடியவில்லை.

"சண்டையைப் பாத்துச் சொன்னேன்க்கா."

கடைக் கல்லாவில் கை ஊன்றி நின்றேன். அங்கிருந்து எங்கள் கடைப் படி நன்றாகத் தெரிந்தது. எட்டிக் குதித்தால் போய்விடலாம்.

"குரலை மட்டும் எடுத்துட்டுத் தரட்டுமாக்கா? சின்ன வேலைதான். படத்துல ஒண்ணும் குறையாது."

"ஒண்ணையும் எடுக்க வேண்டாம். அப்படியே குடுங்க."

என் முகத்தைப் பார்க்காமல் ஒரு பென் டிரைவில் போட்டுத் தந்தார். "அக்கா, ஊரு என்னைக் காறித் துப்பும்" என்றார்.

"ஏழு லட்சம் பேர் இருக்காங்களே. பங்கு போட்டுக்குங்க" என்றேன்.

7

நான் அதைப் பார்க்கவில்லை.

தம்பி மனைவி பார்க்கலாம் என்றாள், பார்க்கவே வேண்டாம் என்றாள், நீங்க மட்டும் பாத்துட்டு நல்லதா இருந்தா சொல்லுங்க என்றாள். மூன்றுக்கும் தலையாட்டிவிட்டு மூன்றையும் செய்யவில்லை. பார்த்தால் எனக்கும் வெட்டத் தோன்றும். என்னை எனக்குத் தெரியும். இரண்டாவது தொடக்கத்தை விட்டவள் நான்தானே.

இந்த இடத்தில் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வீடியோவைப் பார்த்த இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று, 'மோதல்' என்ற சொல்லை அடித்துவிட்டு, "மன்னிச்சிடுங்கம்மா" என்— இல்லை, இது எனக்கே வாயில் சர்க்கரையைக் கொட்டியதுபோல் இருக்கிறது. இன்னொன்றில் தம்பி அவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுவது அதில் தெளிவாகக் கேட்கிறது, கோப்பு மூடப்படுகிறது, தெரு "நான் அப்பவே சொன்னேன்" என்கிறது. இதை எழுதும்போது கோபத்தில் பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. திட்டினால்? திட்டுகிறவன் தலையில் ஹெல்மெட்டால் அடிக்கலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? யோக்கியனாக இருந்தால்தான் ஒருவன் கொல்லப்பட்டதாகக் கணக்கா?

இரண்டையும் விட்டுவிட்டு, இன்று காலை வாக்குமூலத்தையும் பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

"எவ்வளவு நேரம் ஓடும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாலு நிமிஷத்துக்கு மேல சார்."

"நாலு நிமிஷமா! முக்கியமான இடம் எங்க வருதுன்னு சொல்லுங்க, அங்கேருந்து பாத்துக்கறேன்."

"எனக்குத் தெரியாது சார். நான் பாக்கலை."

"பாக்காமலேயா கொண்டு வந்தீங்க? உங்களுக்கே எதிரா இருந்தா?"

"முதல்லேருந்து பாருங்க சார்."

"வெச்சிட்டுப் போங்கம்மா. நேரம் கிடைக்கும்போது பாக்கறேன்."

"பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்புறம் நீங்க பாக்கற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

"அதெல்லாம் எதுக்கும்மா..." என்றவர், நான் நகரவில்லை என்று தெரிந்ததும் எழுதிக் கொடுத்தார். உட்காரச் சொல்லவில்லை. மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இதை அந்த பெஞ்சில் இருந்துதான் எழுதுகிறேன். பென் டிரைவ் அவர் மேசையில் எக்ஸ்ரே உறைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இதற்குள் இரண்டு முறை டீ வந்துபோனது. போனில் யாரோ அனுப்பிய எதையோ பார்த்துச் சிரித்தார். அது நாலு நிமிடத்துக்கு மேலேயே ஓடியது.

என் தம்பி கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன் என்ன சொன்னான் என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்கும்தான். ஆனால் அதை நான் இங்கே இட்டுக்கட்டி எழுத மாட்டேன். இந்தக் கதைக்கு முடிவு அவர் மேசைமேல் இருக்கிறது, இன்னும் திறக்கப்படாமல். இதுவரை வாசிக்க உங்களுக்கு நாலு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆகவே நாலு நிமிடம் பொறுக்க உங்களால் முடியும். முடிவு வேண்டுமென்றால் எழுந்து வாருங்கள். வந்து, 'முதலிலிருந்து பாருங்கள்' என்று நீங்களும் அவரிடம் ஒருமுறை சொல்லுங்கள்.

பெஞ்ச் நீளமானது. நான் ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.