ஒரு குரல் கொடுத்தால் போதும்

பூட்டுக்காரர் மூன்றாவது கம்பியை நுழைத்துத் திருகியபோது, உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. விசிறி ஓடுகிறதென்றால் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். இருந்தால் கதவைத் திறந்திருப்பாள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க மனம் ஒப்பாமல், பூட்டுக்காரரின் கழுத்தில் வழிந்த வியர்வையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்தாப்பாவும் போட்டிருக்காங்கம்மா. கொஞ்சம் நேரமாகும்."

"ஒடைச்சிடுங்க. பரவாயில்ல."

லிஃப்ட் வேலை செய்யாத கட்டடம். ஆறாம் மாடி, அதற்கு மேல் மொட்டைமாடி. மதியம் இரண்டரை மணிக்கு நடைவழிச் சுவரில் கை வைக்க முடியவில்லை. சுத்தியல் சத்தம் கேட்டு ஒவ்வொரு கதவாகத் திறந்தது, கோடியில் இருந்த ஒன்றைத் தவிர. வந்தவர்கள் யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஆயிரம் கேள்வி கேட்கிற மாடி அது. அவர்கள் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் அவளுக்குக் கிலியைத் தந்தது.

அம்மா கட்டிலில் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் கன்னம் பதிய ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தரையாவது குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருப்பாள். மார்பில் நனைத்துப் போட்டிருந்த துண்டு மொறமொறவென்று காய்ந்து போயிருந்தது. மகள் கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது. அந்தச் சூட்டை நம்பி, "அம்மா, இந்தா பாரு, நான்தான்" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். பின்னாலிருந்து யாரோ மெதுவாக அவள் கையை விலக்கினார்கள். சூடு அறையினுடையது.

அலைபேசியை எடுத்துப் பார்த்தாள். பதினொன்று நாற்பதுக்கு அம்மாவிடமிருந்து ஒரு அழைப்பு. ஒன்றே ஒன்று.

பதினொன்று நாற்பதுக்கு அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தாள். இரும்புக் குழாய் ஆலை முதலாளியின் அறக்கட்டளையில் அவள்தான் எல்லாம். பத்து வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவளை, போன வருடம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அவர் நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்த நேரம். "நாப்பது வருஷம் ஊருக்குப் புகையா விட்டாச்சும்மா. வெயிலு இப்படி ஏறிக்கிட்டே போகுது. இதுக்கு நாம ஏதாவது குடுக்கணும். எங்க ஆரம்பிக்கிறதுன்னு நீ பாத்துச் சொல்லு" என்றார்.

அவள் பார்த்தாள். வருடம் முழுக்கப் பார்த்தாள். ஏற்கெனவே கொடுத்துப் பழகியவர்களைச் சந்தித்தாள். தலையணை கனத்துக்கு அறிக்கைகள் படித்தாள். ஒருவர் மின்சாரத்தில் தொடங்கு என்றார், ஒருவர் சட்டத்தில் தொடங்கு என்றார், இன்னொருவர் அவசரப்படாதே என்றார். அந்த மூன்றாமவருக்கு அவசரப்பட்டே பழக்கமில்லை போலிருந்தது. ஒரே ஒரு வயதான அம்மாள் மட்டும், "யாரு கஷ்டப்படுறாங்களோ அவங்களப் போய்க் கேளு. சின்னதாக் குடு. குடுத்துக் குடுத்துக் கத்துக்கோ" என்றாள். இதை அவள் நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டாள். போட்டதோடு சரி.

விண்ணப்பங்கள் நாற்பத்தொன்று வந்தன. இன்று காலைதான் முதல் கொடை யாருக்கு என்று முடிவெடுத்தார்கள். அடுக்கில் ஒற்றைத் தாளாக இருந்த ஒன்றை முதலாளி உருவி எடுத்தார். பதிவு எண் கிடையாது, அமைப்பின் பெயர் கிடையாது, முகவரி ஏதோ ஒரு தையற்கடை. அம்மா இருக்கும் பக்கம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. முதலாளி உரக்கப் படித்தார்:

"'கடும் வெயில் நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு, மேல்மாடியில் தனியாக இருப்பவர்களின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டுவோம். கதவைத் திறக்கத் தேவையில்லை. ஒரு குரல் கொடுத்தால் போதும்.' கதவத் தட்றதுக்கு எதுக்கும்மா அறக்கட்டளை?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"வெயில் மயக்கத்துக்கு முதலுதவி பழகணுமாம். கீழ்மாடியில ஒரு ரூமுக்கு ஏசி வேணுமாம். மயங்கினவங்கள இறக்கி வைக்க ஒரு ஸ்ட்ரெச்சர். ஏம்மா, செத்தவங்கள எண்ணிடலாம். சாகாதவங்கள எப்படி எண்ணுவ?"

மதிப்பெண் தாளில் பயன் என்ற மூன்றாவது கட்டத்தில் அவள் ஏற்கெனவே 'அளவிட இயலாது' என்று எழுதி வைத்திருந்தாள். நெடுஞ்சாலை ஓரமாக ஒரு லட்சம் மரம் என்று முடிவானது. அப்போதுதான் மேசையில் அலைபேசி அதிர்ந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். கூட்டம் முடிந்து திருப்பி அழைத்தபோது அம்மா எடுக்கவில்லை.

தெருமுனை மருத்துவர் ஆறு மாடி ஏறிவந்து, மூச்சு வாங்க நாடி பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். காரணம் என்ற இடத்தில் மாரடைப்பு என்று எழுதினார்.

"வெயில்னு போட மாட்டீங்களா டாக்டர்?"

"அவங்களுக்கு எழுபத்தொரு வயசும்மா. ஏற்கெனவே பிரஷர் வேற."

"ரூமுக்குள்ள வந்தவுடனே நீங்களே சட்டைப் பட்டனைக் கழட்டினீங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இந்த வாரம் இந்தப் பேட்டையில நான் எழுதுற ஒன்பதாவது படிவம் இது. ஒன்பதும் மாரடைப்புதான். நான் என்ன பண்ண முடியும், சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார்.

வெளியூரிலிருந்து தம்பி வந்து சேர விடிந்துவிடும். அதுவரை வைத்திருக்க வேண்டுமே என்று ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காதில் வைத்த அலைபேசியோடு திரும்பி வந்தார். "பதினாலு பெட்டி வச்சிருக்கானாம். பதினாலும் வெளிய போயிருக்காம். ஒண்ணு திரும்பினதும் தரேங்கிறான்" என்றார். ஒரு பெண் கீழே ஓடிப்போய் ஐஸ் கட்டிகள் வாங்கிவந்து அம்மாவைச் சுற்றி வைத்தாள். வைத்த கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் கட்டிலடியில் ஓடத் தொடங்கியது.

அப்போதுதான் தையல்காரம்மா வந்தாள். ஐந்தாம் மாடிக்காரி. புறங்கையில் குளுக்கோஸ் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தவள், அம்மாவின் காலடியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"டெலிபோன் அக்கா! ரெண்டு நாள் ஆஸ்பத்திரில படுத்துட்டேனே, அதுக்குள்ள இப்படிப் பண்ணிட்டியே!"

அம்மா முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். அவளை அந்தக் கட்டடமே அப்படித்தான் கூப்பிட்டது. மகளுக்கு ஆபீசர் என்று பெயர் வைத்ததும் அம்மாதான். "எங்க வீட்டு ஆபீசர் வந்தாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்பாள்.

"உங்களுக்கு என்னக்கா ஆச்சு?" என்று மகள் கேட்டாள்.

"கதவத் தட்டப் போன இடத்துல நானே மயங்கி விழுந்துட்டேன். என் மாடி எனக்கு, இந்த மாடி அக்காவுக்கு. நான் என் மாடியை முடிச்சிட்டுக் கடைசியா மேல வந்து இந்தக் கதவைத் தட்டுவேன். நான் படுத்துட்டா அக்கா கதவைத் தட்ட ஆள் ஏது?"

"எந்தக் கதவு? என்ன சொல்றீங்க?"

"அக்கா சொல்லலியா? உங்க ஆபீசுக்குக்கூட எழுதிப் போட்டமே."

தையல்காரம்மா கையை ஊன்றி எழுந்து அலமாரிக் கதவைத் திறந்தாள். உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில். கீழ்த்தட்டிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினாள். அம்மாவின் குண்டுக் கையெழுத்து. அடித்துத் திருத்தி, மறுபடி எழுதி, கடைசியில் அந்த வாக்கியம். கதவைத் திறக்கத் தேவையில்லை. ஒரு குரல் கொடுத்தால் போதும்.

"இதுல அம்மா பேரே இல்லியேக்கா. இருந்திருந்தா நான்..."

"நாங்களும் அதத்தான் சொன்னோம். உங்க பேரப் போடுக்கா, பொண்ணு பாத்தவுடனே குடுத்துடும்னு. கேக்கலியே. என் பேரு போட்டா சிபாரிசுன்னு ஆயிடும், அவளுக்கு நாலு பேரு முன்னால சங்கடம், நியாயமா இருந்தா தானே குடுப்பான்னுட்டா. கடை முகவரியப் போட்டதும் அவதான்." தையல்காரம்மா மூக்கைச் சிந்தினாள். "பதில் இன்னும் வரலியேன்னு கேட்டா, ஆபீசர் பெரிய ஆபீசர், மெதுவாத்தான் வரும்பா."

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. சிரித்தோமே என்றுதான் திரும்பத் திரும்ப ஓடியது. அந்த அறையில் யாரும் அவளைச் சிரிக்கச் சொல்லவில்லை.

அலைபேசி அடித்தது. முதலாளி.

"இப்பதான் சொன்னாங்கம்மா. மனசே சரியில்ல. வயசானவங்களுக்கு இந்த வெயில் ஆகாது. நாளைக்குப் பத்திரிகைக்குப் போற செய்திய வேற யாராவது பாத்துக்கட்டும், நீ கவலப்படாத. ஒண்ணு பண்ணலாம். அந்த லட்சம் மரத்துல ஒரு நூறு மரம் உங்கம்மா பேர்ல இருக்கட்டும். என்ன சொல்ற?"

"மரம் நிழல் குடுக்கப் பத்து வருஷமாகும் சார்" என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் வைத்துவிட்டாள். பத்து வருடத்தில் அவர் பேச்சை அவள் முடிக்கவிடாதது இதுவே முதல் தடவை.

அலமாரிக் கதவின் முன் போய் நின்றாள். எட்டு வீட்டு எண்கள், எதிரே தேதிகள், தேதிக்கு ஒரு சரிக்குறி. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அம்மா பொடிப்பொடியாகக் குறிப்பு எழுதியிருந்தாள். ஒன்று: காது மந்தம், ஜன்னலைத் தட்டு. நான்கு: கைக்குழந்தைக்காரி, தூங்கினால் எழுப்பாதே, செருப்பைப் பார். மூன்று அவளுடைய வீடு; அதற்கு நேரே 'நானே' என்று மட்டும் இருந்தது. எட்டு: முசுடு, திட்டுவார், திட்டினால் நலம்.

சரிக்குறிகள் நேற்றோடு நின்றிருந்தன. இன்றைய வரிசை வெறுமையாக இருந்தது.

மணி நாலேகால். அவள் தாளைப் பார்த்தாள், பிறகு அறையில் இருந்தவர்களைப் பார்த்தாள். முதல் வீட்டுக் காது மந்தக்காரர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கைக்குழந்தைக்காரி வாசலில் நின்றாள். ஒவ்வொருவராகக் கேட்டு எண்ணினாள். இரண்டு, ஐந்து, ஆறு, ஏழு.

"எட்டாம் நம்பர் யாருக்கா?"

"கடைசி வீடு. ரிட்டையர்டு டிரைவர். யாரோடயும் பேச மாட்டாரு, பொல்லாத மனுஷன்" என்ற தையல்காரம்மா சட்டென்று நிறுத்தினாள். சுத்தியல் சத்தம் எழுந்தால் அந்த ஆள் சும்மா இருப்பவரா? மாடியே அதிர்ந்ததே. இந்நேரம் நாலு திட்டாவது விழுந்திருக்க வேண்டாமா? இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் நூலை அறுத்துப் பென்சிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நடைவழியில் வெயில் சாய்ந்து கோடிவரை அடித்தது. கடைசிக் கதவு வெளிறிய பச்சை. பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தது, வெயிலில் உப்பிப் போய். மூன்று முறை தட்டினாள்.

"ஐயா."

உள்ளே விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

இன்னும் பலமாகத் தட்டினாள். "ஐயா, நான் டெலிபோன் அக்கா பொண்ணு. கதவத் திறக்க வேணாம். ஒரு குரல் குடுத்தாப் போதும்." காதைக் கதவில் வைத்தாள். மரம் கன்னத்தைச் சுட்டது. "திட்டுங்க ஐயா. சத்தம் போட்டுத் திட்டுங்க."

வெயில் தாழட்டும் என்று படிக்கட்டின் நிழலில் உட்கார்ந்திருந்த பூட்டுக்காரர் எழுந்தார். நடந்து வந்து, அவள் கேட்காமலே, கதவின் முன் மண்டியிட்டுப் பையின் ஜிப்பைத் திறந்தார்.