ஷெட்டுக்குப் போட்ட டியூப்லைட்

கால் மணி நேரம் ஷெட் லைட்டை அணைத்து வையுங்கள் என்றுதான் பக்கத்து வீட்டு வேதசிரோமணி சார் கேட்டார். தன் மகள் பாடினது ரேடியோவில் வரப்போகிறது, அதைக் கேட்கத்தான் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் மெயினையே பிடுங்கிப் போட்டிருப்பேன். அவர் சொல்லவில்லை. அந்த மகள் செத்து அன்றைக்கு ஐம்பது நாள் ஆகியிருந்தது.

சேலையூரில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில். எண்பத்தாறில் மாடம்பாக்கத்து நிலம் மனையாகப் போனதும் என் வீட்டுக்காரர் ஜெயவேலு ஒரு மெட்டடார் வேன் வாங்கினார். கல்யாணம், திருப்பதி என்று வாடகைக்கு ஓடும். அதற்காக மதிலை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் போட்டு இரண்டு டியூப்லைட் மாட்டினோம். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஹாலிலேயே அப்போது குண்டு பல்பு. எனக்குத் தலைக்கனம் வந்தது நிஜம், மறைப்பானேன்?

லைட் போட்ட மறுநாளே சார் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"அம்மா, உங்க ஷெட் லைட் போட்டா எங்க ரேடியோல கொர்ருனு ஒரே இரைச்சல். டிவியிலயும் கோடு கோடா ஓடுது. சோக் பழசு போல. எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்றீங்களா?"

"எங்க லைட்டு எங்க ஷெட்ல எரியுது. உங்க ரேடியோ உங்க வூட்ல கீது. நடுவுல இம்மாம் பெரிய மதிலு கீது. இது இன்னா சார் புதுக் கதையா கீது!"

அவர் உள்ளே போய்விட்டார். ஆபீஸ் உத்தியோகம், சத்தமாகப் பேசியே பழக்கம் இல்லாத மனுஷன். வயிற்றெரிச்சல் பிடித்த ஜனங்கள் என்று ராத்திரி சோறு போடும்போது ஜெயவேலுவிடம் சொன்னேன். "எலெக்ட்ரீஷியன் பொன்னுசாமியை வரச்சொல்லி பார்த்துடலாம் வுடு" என்றார் அவர். பொன்னுசாமி வரவே இல்லை, நாங்களும் கூப்பிடவில்லை.

அவர்கள் பெண் தபீதாளுக்குப் பத்தொன்பது வயது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பாடுவாள். என்ன பாட்டோ, எனக்குத் தெரியாது. ஆனால் மாவாட்டுகிற கையை நிறுத்திவிட்டுக் கேட்பேன். மஞ்சள் காமாலை வந்தது. பதினோரு நாள்தான். சவப்பெட்டியை வெளியே எடுக்கும்போது அவள் அம்மா சாராள் டீச்சரை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ரேடியோ இரைச்சலைப் பற்றி அவர்கள் வீட்டிலிருந்து பேச்சே வரவில்லை.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை சார் வாசலுக்கே வந்தார்.

"நாளைக்கு ஆறேகாலுக்கு ரேடியோல ஒரு நிகழ்ச்சி இருக்கும்மா. ஒரு கால் மணி நேரம் அந்த லைட்டை..."

"நாளைக்கு வெள்ளிக்கிழமையாச்சே சார்!"

எங்கள் வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் எரிகிற விளக்கை அணைக்க மாட்டோம். அதிலும் வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். ஷெட்டில் லைட்டைப் போட்டு, வேனுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டின பிறகுதான் உள்ளே காமாட்சி விளக்கையே ஏற்றுவேன். வேனோடு கூடத்தான் லட்சுமி எங்கள் வீட்டுக்குள் வந்தாள் என்று நம்பியவள் நான். ஏழு மணி வரை அந்த ஸ்விட்சை ஒருத்தரையும் தொட விடமாட்டேன். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"வேற நாள் சொல்லு சார், அணைச்சுடறேன்."

"வேற நாள் வராதும்மா."

"வராங்காட்டி போவுது. ரேடியோ தானே!"

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். என் நாக்கில் கொள்ளிக்கட்டையைத்தான் வைக்க வேண்டும்.

மறுநாள் ஆறு மணிக்கே இரண்டு லைட்டையும் போட்டேன். வேனைக் கழுவி, பொட்டு வைத்து, கற்பூரத் தட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது சாராள் டீச்சர் ஓடி வந்தாள். காலில் செருப்பு இல்லை. பெண் போனதிலிருந்து கேட்டைத் தாண்டாதவள்.

"அக்கா, தபீதா பாடறாக்கா!"

ஐயோ, பைத்தியம் பிடித்துவிட்டதே என்றுதான் எனக்குத் தோன்றியது. "இன்னா டீச்சர், உள்ள வா, உக்காரு" என்றேன். அவள் என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"ரேடியோலக்கா! சாகறதுக்கு முன்னால பாடிக் குடுத்துட்டு வந்தது. ஒண்ணுமே கேக்கல. லைட்டு, லைட்டு..."

தட்டைக் கீழே போட்டேன். கற்பூரம் தரையில் விழுந்து எரிந்தது. இரண்டு ஸ்விட்சையும் அடித்து அணைத்தேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் இரைச்சல் சட்டென்று நின்று அவள் குரல் வந்தது. மொட்டை மாடியில் நின்று பாடுகிற அதே குரல். இரண்டு வரி. அதோடு பாட்டு முடிந்து, பாடியவர் தபீதாள் என்று ஒரு ஆம்பளைக் குரல் சொன்னது.

நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனபோது சார் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோவில் காய்கறி விலை சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்; அதுவும் கேசட்டில் பதிந்துகொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணின் குரல் வேறு எதிலும் பதிவாகி இருக்கவில்லை. இந்தப் பாட்டையும் ஒரே தடவைதான் போடுவார்கள் என்று ரேடியோ ஸ்டேஷனிலிருந்து வந்த கடிதத்தில் எழுதியிருந்தார்களாம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "சொல்லக்கூடாதா சார்? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கத்தினேன்.

"சொல்லத்தாம்மா வந்தேன். அவ பேரை எடுத்தா உங்க வாசல்லயே அழுதுடுவேனோன்னு பயமா இருந்தது" என்றார்.

மறுநாள் காலையிலேயே இரண்டு டியூப்லைட்டையும் கழற்றிவிட்டு ஷெட்டில் குண்டு பல்பு போட்டோம். போட்டு என்ன?

டீச்சர் தினம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கேசட்டைப் போடுவாள். மூன்று நிமிஷம் கொர்ர் என்று எங்கள் லைட் சத்தம், கடைசியில் இரண்டு வரி. மதிலுக்கு இந்தப் பக்கம் நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ஒரு நாள் தாங்க மாட்டாமல் அவள் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

"அத்த எதுக்கு டீச்சர் முழுசா போட்டுக்கினு கீறே? கடைசிக்குத் தள்ளிட்டு அந்த ரெண்டு வரியக் கேளேன்."

"இல்லக்கா. அந்தச் சத்தத்துக்கு அடியில அவ பாடிட்டுதான் இருக்கா. மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குது. ஸ்பீக்கர்ல காதை ஒட்டி வெச்சுக் கேளுங்க."

முதலிலிருந்து போட்டு, டூ-இன்-ஒன்னை என் பக்கம் நகர்த்தினாள். நான் குனிந்து காதை வைத்தேன். எங்கள் டியூப்லைட் மட்டும்தான் கேட்டது.

"கேக்குதா அக்கா?"

"கேக்குது டீச்சர்" என்றேன்.