ரஷ்யாக்காரர் வைத்த தட்டு

பொன்னுவேல் வீட்டு முன்னால் ஜீப் வந்து நின்றபோது நானும் வாசலில்தான் இருந்தேன். சேலத்து ரஷ்ய நட்புறவுச் சங்கத்தின் அங்கப்பன் இறங்கினார். பின்னால் சிவந்த மூக்கோடு ஒரு ரஷ்யாக்காரர். அவர் கையில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டு.

எங்கள் மலையூர் மாரமங்கலத்துக்கு வெளிநாட்டு உபகாரம் புதிதல்ல. முதலில் அமெரிக்காக்காரன் பள்ளிக்கூடத்துக்குப் பால் பவுடர் கொடுத்தான், வேனில் வந்து படம் காட்டினான். ஊரே அவன் பக்கம் சாய்ந்தது. அது பொறுக்காமல்தான் ரஷ்யாவிலிருந்து வழவழப்பான தமிழ்ப் புத்தகங்கள் மலையேறின என்பது என் எண்ணம். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ஆனால் என் தங்கை மகள் பாவாயி அவற்றைக் கரைத்துக் குடித்தாள். சங்கத்துக் கட்டுரைப் போட்டியில் முதலாவதாக வந்தாள். இப்போது அவளை மாஸ்கோவில் டாக்டருக்குப் படிக்க வைக்கிறோம், செலவெல்லாம் எங்களுடையது என்கிறார்கள்.

தட்டைப் பார்த்ததும் அவள் அப்பன் பொன்னுவேலின் முகம் கறுத்தது. எங்கள் மலையில் வெற்றிலைத் தட்டோடு வந்தால் பெண் கேட்டு வருவதாக அர்த்தம். தட்டு வீட்டுக்குள் போய்விட்டால் பெண்ணைக் கொடுத்தாயிற்று, அப்புறம் பேச்சு மாறக்கூடாது. கீழே இருந்து வந்த அங்கப்பனுக்கு இது தெரியவில்லை. நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று அவர்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ரஷ்யாக்காரரோ தட்டை வாசல் கயிற்றுக்கட்டிலில் வைத்துவிட்டுப் பல் தெரியச் சிரித்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அங்கப்பன் பதறிப்போய், படிப்புக்குத்தான் கேட்கிறோம் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

பொன்னுவேல் நிதானமாகக் கேட்டான். "ஏனுங்க, இவிங்களுக்கும் அமெரிக்காக்காரனுக்கும் ஆகாதாமா. அவிங்க சண்டைக்கு எம்பட புள்ள என்னத்துக்குங்க?"

அங்கப்பன் அதை மொழிபெயர்க்கவில்லை. எனக்குச் சந்தேகம் இன்னும் முற்றியது. ஓசியில் கொடுப்பவன் ஒருநாள் கேட்காமலா இருப்பான், தட்டை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று நானும் ஒத்து ஊதினேன்.

கதவோரம் நின்ற பாவாயி வெளியே வந்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

"சண்டைக்குத்தான் குடுக்கறாங்கன்னு எனக்கும் தெரியுமுங்க மாமா. அத்தைய இதே கட்டில்லதான கீழ குப்பனூர் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு எறங்குனீங்க? பாதி வழியிலயே போயிட்டாங்களே. அன்னைக்கு எந்த நாட்டுக்காரன் வந்தானுங்க?"

என் பெண்டாட்டி அத்தாயி போன அந்த இறக்கம் கண்முன் வந்தது.

பாவாயி குனிந்து தட்டை எடுத்தாள். பொன்னுவேலின் கை பாதி உயர்ந்து அப்படியே நின்றது. அவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள். ஒன்றும் புரியாத ரஷ்யாக்காரர் கை தட்டினார்.

கட்டிலில் ஒரு பாக்கு மட்டும் உருண்டு கயிற்றிடையே சிக்கிக் கிடந்தது. பொன்னுவேல் அதை எடுக்கவுமில்லை, தள்ளிவிடவுமில்லை.